சின்ன சிடியில் தாலி இல்லை

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். "இவன்தான் தாலி கட்டுறத எடுக்காம விட்டவன்." 17 வருடமாகக் கேட்கிறேன். புது மாப்பிள்ளை, புது மருமகள், அவர்களுக்குப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். என்ன வேலை பார்க்கிறேன் என்பதெல்லாம் அதற்கப்புறம். சில சமயம் அதுவும் கிடையாது.

2008 வைகாசி. அத்தை மகளுக்கு மன்னார்குடியில் கல்யாணம். என்னைவிட மூத்தவள் என்பதால் அவளை அத்தாச்சி என்று கூப்பிடுவேன். போட்டோவுக்கு ஆள் வைத்தார்கள், வீடியோவுக்கு வைக்கவில்லை. அதற்குச் சித்தப்பாதான் காரணம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர், அந்த முறை லீவில் வரும்போது ஒரு டிவிடி கேமரா வாங்கி வந்திருந்தார். "வீடியோக்காரனுக்கு எதுக்குக்கா தண்டம் அழுவணும்? நான் எடுக்குறேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர்தான், முகூர்த்த நேரத்தில் மேடையில் நிற்க வேண்டியவர் என்பது அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. காலையில் பட்டு வேட்டியைக் கையில் கொடுத்து மேலே ஏறச் சொன்னதும், கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு 18 வயது. காலேஜில் முதல் வருடம் முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, அதற்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இப்போது அதைப் பார்த்தவர்களே குறைவு. ஹிட்டாச்சி 2000-ல் கொண்டுவந்த யோசனை அது. கேசட்டுக்குப் பதிலாக 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டி டிவிடி. சாதாரண டிவிடி 12 சென்டிமீட்டர். குட்டியில் 1.4 ஜிபிதான் பிடிக்கும். ஒசத்தித் தரத்தில் எடுத்தால் 20 நிமிடம், நடுத்தரத்தில் 30, மட்டமாக எடுத்தால் 60. சித்தப்பா நடுத்தரத்தில் வைத்திருந்தார். அரை மணிக்கு ஒரு தட்டு. எங்கள் வீட்டில் அதற்குச் சின்ன சிடி என்று பெயர் வைத்தார்கள்.

வெட்டி ஒட்டுகிறவனுக்கு இது லாயக்கில்லாத கேமரா. அதே காலத்தில் இருந்த மினிடிவி கேசட் கேமரா எவ்வளவோ மேல். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஃபயர்வயர் என்று தனிச் சொருகு வேண்டும். எங்கள் ஊரில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த வீடே நாலைந்து. டிவிடி பிளேயரோ தெருவுக்குப் பாதி வீட்டில் இருந்தது, அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியும் இருந்தது. கேமராவிலிருந்து தட்டை எடு, பிளேயரில் போடு, பார். சித்தப்பா வந்த புதிதில் ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவை எடுத்து வந்து அன்று ராத்திரியே போட்டுக் காட்டினார். முட்டி வலியால் கோயிலுக்குப் போக முடியாத அப்பாயி, டிவிக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டது. அந்த ஒரு வேலைக்குத்தான் அந்தக் கேமரா. அதை அது சரியாகச் செய்தது.

ஆனால் தட்டை அப்படியே உருவிப் பிளேயரில் போட முடியாது. எடுத்து முடித்ததும் கேமராவிலேயே அதை ஃபைனலைஸ் செய்ய வேண்டும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற பட்டியலைக் கேமரா அப்போதுதான் தட்டில் எழுதும். கேமராவைக் கரண்டில் சொருகிவிட்டுச் சில நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இதற்கு வீட்டில் "மூடுறது" என்று பெயர். "சிடிய மூடியாச்சா?" என்று அப்பாயிகூடக் கேட்கும்.

கல்யாணத்தன்று நடந்தது இது. காலையில் போட்ட ஐந்தாவது தட்டு, தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் நிறைந்துவிட்டது. பையில் கையை விட்டு அடுத்த தட்டை எடுத்துப் போட்டேன். சித்தப்பா இரண்டு வகை வாங்கியிருந்தார். ஒரு முறை மட்டும் எழுதுகிற டிவிடி-ஆர், அழித்து எழுதுகிற டிவிடி-ஆர்டபிள்யூ. ஆர் வகையைப் போட்டால் கேமரா பேசாமல் எடுத்துக்கொள்ளும். என் கையில் வந்தது ஆர்டபிள்யூ. திரையில் ஒரு கேள்வி வந்தது: வீடியோவா, விஆரா? எனக்கு இரண்டும் தெரியாது. நாதஸ்வரம் உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எதையோ அமுக்கினேன். தட்டை ஃபார்மேட் செய்கிறேன், பொறு என்றது. பொறுத்தேன். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து, எல்லாரும் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்த பிறகு சிவப்புப் புள்ளி எரிந்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்த அவசரத்தில் ஐந்தாவது தட்டை மூடாமல் எடுத்திருந்தேன். ஆறாவது தட்டு விஆர் முறையில் பதிவாகியிருந்தது, அது வீட்டுப் பிளேயருக்குப் புரியவில்லை. இரண்டும் ஓடவில்லை. பத்து நாளில் சித்தப்பா கேமராவோடு சிங்கப்பூர் போய்விட்டார், அது அங்கேயே ரிப்பேராகி ஒழிந்தது. ஆக, முகூர்த்தக் காலை மொத்தமும் போச்சு. ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. சித்தப்பா சொல்லிக் கொடுத்தபடி பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். நாதஸ்வரம் கொஞ்சம், பெண்ணை அழைத்து வருவது கொஞ்சம். 30 நிமிடம் தாலி கட்டும்வரை தாங்கியிருக்க வேண்டும். எப்படித் தீர்ந்தது?

2012-ல் ஒருமுறை முயன்றேன். இந்த இரண்டையும் அல்ல, மூடியிருந்த மற்றத் தட்டுகளை. வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் கம்ப்யூட்டர். அதோடு இலவசமாக வந்த எடிட்டிங் மென்பொருளுக்கு டிவிடியில் இருக்கும் விஓபி கோப்பைத் தெரியவில்லை. பெயரின் வாலை மாற்றி, இன்னொரு மென்பொருளில் உருமாற்றி, ஒரு வழியாக உள்ளே ஏற்றினேன். அது கரண்ட் பஞ்ச காலம். பாதி நாள் இருக்காது. ஒரு மணி நேரப் படத்தை வெளியே எடுக்க ராத்திரி முழுக்க ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்காவது ராத்திரி வெறுத்துப்போய், சீக்கிரம் முடியட்டும் என்று அளவைக் குறைத்து 320-க்கு 240-ல் எடுத்தேன். அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது. அதில் யார் யார் என்று அடையாளம் சொல்ல, அன்று அங்கே இருந்தவர்களால்தான் முடியும்.

பிறகு கஜா வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல், எங்கள் ஓட்டு வீட்டின் கொல்லைப்புறக் கூரையைத் தூக்கிப் போட்டது. தென்னை 14 விழுந்ததை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் சின்ன சிடியைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்? ஒரு வாரம் கழித்துப் பரண் சாமான்களை வெயிலில் போட்டபோது, வட்டமான பிஸ்கட் டின் ஒன்று அடியில் நாலு விரற்கடைத் தண்ணீரோடு கிடைத்தது. 11 தட்டு. சித்தப்பா ஸ்கெட்ச் பேனாவால் மேலே எழுதியிருந்ததெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. துடைத்து எடுத்து வந்து தஞ்சாவூரில் என் அலமாரியில் வைத்தேன். அங்கே இன்னும் ஆறு வருடம்.

போன பொங்கலுக்கு அத்தாச்சியின் மகள் கேட்டாள். "மாமா, அம்மா கல்யாண வீடியோ இருக்காமே, நீங்கதான் கெடுத்தீங்களாமே?" அதற்குப் பிறகும் சும்மா இருந்தால் நான் மனிதனில்லை.

முதலில் கழுவினேன். டிவிடி நனைவதால் உடனே கெட்டுவிடாது, உள்ளே இருக்கும் சாயப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் சுருளாக வட்டத்தில் ஓடுகிறது. குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். சுருள் ஓடும் போக்கிலேயே கீறினால் அடுத்தடுத்த தகவல் சேர்ந்தாற்போல் போய்விடும்.

லேப்டாப்பில் இப்போது பெரும்பாலும் டிவிடி டிரைவ் வருவதில்லை. வெளியே யூஎஸ்பியில் சொருகுவதை வாங்கினேன். டிரே வெளியே நீட்டிக்கொண்டு வரும் வகையைத்தான் வாங்க வேண்டும். அதன் நடுவே சின்ன வட்டப் பள்ளம் ஒன்று இருக்கும், அது இந்த 8 சென்டிமீட்டருக்காகத்தான். வாயில் ஊட்டினால் உறிஞ்சிக்கொள்ளும் வகையில் சின்ன சிடியைக் கொடுத்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

மூடிய ஒன்பது தட்டும் பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. எடிட்டிங் எல்லாம் அப்புறம், முதலில் ஒவ்வொரு தட்டையும் உள்ளது உள்ளபடி ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட வேண்டும். 11 தட்டும் சேர்ந்து 16 ஜிபியைத் தாண்டாது, ஒரு பென் டிரைவில் போட்டு மிச்சம் இருக்கும். தட்டுக்கு வயதாகிறது. ஆர் வகையில் இருப்பது கரிமச் சாயம், வெளிச்சமும் சூடும் அதைத் தின்னும். எங்கள் பக்கத்துக் கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே பரணில் பத்து வருடம் கிடந்தவை உயிரோடு வந்ததே எனக்கு ஆச்சரியம்.

அந்த ஒன்பதில்தான் வெண்ணெய்த்தாழித் தட்டும் இருந்தது. மன்னார்குடிப் பங்குனித் திருவிழா 18 நாள். அதில் ஒரு நாள் பெருமாள் தவழும் கண்ணனாகக் கையில் வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வருவார். தெருவில் நிற்பவர்கள் வெண்ணெய் வாங்கிப் பெருமாள் மேல் வீசுவார்கள். சித்தப்பா முண்டியடித்துப் பல்லக்குக்குப் பக்கத்தில் போயிருக்கிறார். ஆறாவது நிமிடத்தில் இடப் பக்கத்திலிருந்து ஒரு உருண்டை பறந்து வருகிறது, படம் வெள்ளையாகிறது. "அடச் சீ" என்று ஒரு சத்தம். துண்டால் துடைத்திருக்கிறார், நன்றாக இழுகிவிட்டது. அதற்குப் பிறகு 12 நிமிடம் மன்னார்குடி முழுக்க ஒரு பனி. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் ஒளிவட்டம். அந்த 12 நிமிடத்தை வெட்டலாமா என்று யோசித்தேன். அப்பாயி கும்பிட்டது இதைத்தான். வெட்டவில்லை.

பத்தாவதாகப் போட்டது விஆர் தட்டு, பாவப்பட்ட ஆறாவது. பிளேயருக்குப் புரியாதது கம்ப்யூட்டருக்குச் சுலபமாகப் புரிந்தது. வழக்கமான வீடியோ_டிஎஸ் அடைவுக்குப் பதில் டிவிடி_ஆர்டிஏவி என்று ஒன்று, அதற்குள் விஆர்ஓ என்று முடியும் ஒரே கோப்பு. விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் இழுத்துப் போட்டதும் ஓடியது. 17 வருடமாக "கெட்டுப்போச்சு" என்று சொன்ன தட்டில் ஒன்றுமே கெடவில்லை. அதன் முதல் காட்சி, மேடையில் நிற்பவர்களின் முதுகு. தலைகளிலும் தோள்களிலும் மஞ்சள் அரிசி.

கடைசியாக ஐந்தாவது. போட்டதும் கம்ப்யூட்டர், இது வெற்றுத் தட்டு, என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டது. இந்த இடத்தில் அவசரப்பட்டு ஆமாம் என்று எதையும் அழுத்திவிடக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டித் தூற்றி எடை போட்டு மூட்டை அடுக்கியிருப்பார்கள், ஆனால் நோட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதிகாரி வந்து கேட்டால் நெல்லே வரவில்லை என்று பதில் வரும். மூட்டையோ கண்ணெதிரே மழையில் நனைந்துகொண்டிருக்கும். மூடாத தட்டும் அதுதான். சரக்கு இருக்கிறது, பட்டியல் இல்லை. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் பட்டியலைக் கேட்பதில்லை, நேராக மூட்டையை எண்ணப் போய்விடும்.

எண்ணியது. 1.1 ஜிபிவரை தடையில்லை. அதற்கு மேல் திணறியது. இந்தத் தட்டுகளில் எழுத்து நடுவில் தொடங்கி வெளியே போகிறது. அதாவது கடைசியில் எடுத்தது விளிம்பில் இருக்கும். நாம் தட்டைப் பிடிப்பதும், கீழே வைக்கும்போது உரசுவதும் விளிம்புதான். தாலிக்கு முந்தைய நிமிடங்கள் முழுவதும் என் கட்டைவிரல் பட்ட இடத்தில் இருந்தன. திரும்பக் கழுவி, வேகத்தைக் குறைத்து, மறுபடி மறுபடி படிக்க விட்டேன். கொஞ்சம் முன்னேறியது. பிறகு நண்பன் வீட்டில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்பின் டிரைவில் போட்டேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், ஏனென்று கேட்டால் ஆளாளுக்குக் கண் பார்வை வேறு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கடைசியில் சில துணுக்குகள் தவிர எல்லாம் வந்துவிட்டன.

வந்ததை ஓட்டினால், முப்பது நிமிடப் படத்துக்கு இரண்டு நிமிடம் என்று நீளம் காட்டியது, பாதியில் வாயும் சத்தமும் பிரிந்து போயின. ஒவ்வொரு முறை பதிவுப் பொத்தானை அழுத்தும்போதும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடியிருக்கிறது, அதுதான் குழப்பம். காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக நேரம் போட்டுத் திரும்பச் சேர்த்தேன். அதற்குள் ராத்திரி ஒன்றரை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மண்டப வாசலில் வாழை மரம். நாதஸ்வரக்காரர். பெண் அறையில் அத்தாச்சிக்குப் பூ வைக்கிறார்கள். எல்லாம் கணக்காகத்தான் எடுத்திருக்கிறேன், ஒன்றுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பத்தாவது நிமிடத்தில் கேமராவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

"டேய் தம்பி, இங்க வா. இந்தச் சீர் வரிசைய ஒண்ணு விடாம எடு. நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது."

அத்தை.

மேடைக்குப் பக்கவாட்டில் சமுக்காளம் விரித்து அடுக்கியிருக்கிறது. சில்வர் குடம், பித்தளைக் குடம், அண்டா, தவலை, சாதம் வடிக்கிற சட்டி, குத்துவிளக்கு ஒரு ஜோடி, மிக்ஸி, கிரைண்டர், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. ஒவ்வொன்றாகப் போகிறது கேமரா. "அத எடுத்தியா? இத எடு." "அண்டாகிட்டப் போ. பேரு வெட்டியிருக்கு பாரு, அது தெரியணும்." நான் கிட்டப் போகிறேன். பித்தளையில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, மேலே விளக்கு வெளிச்சம். கேமரா ஃபோகஸ் தேடுகிறது, முன்னால் போகிறது, பின்னால் வருகிறது. படத்துக்கு இருப்பதே 576 வரி, அதில் அந்தப் பெயர் படிக்கும்படி விழவே இல்லை. "தெரியுதா?" "தெரியுது அத்தை." பொய். "மூடியத் திருப்பி எடு. மூடிலயும் இருக்கு."

பதினொரு நிமிடம் நாற்பது வினாடி.

நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு பெண் மணவறைக்கு வருகிறது, சித்தப்பா மாலை எடுத்துக் கொடுக்கிறார், ஐயர் மந்திரம். விளிம்பு நெருங்க நெருங்கப் படத்தில் கட்டம் கட்டமாக உடைசல். கடைசிக் காட்சி, தாலியைத் தேங்காய் மஞ்சளோடு தாம்பாளத்தில் வைத்துச் சபையில் எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுவருகிறார்கள். தாம்பாளம் வரிசை வரிசையாக வந்து அத்தைக்கு முன்னால் நிற்கிறது. அத்தையின் கை நீள்கிறது, வளையல் சரிகிறது. அங்கே முடிந்துவிட்டது. ஆக, தாலி இருக்கிறது. கட்டுவதுதான் இல்லை.

இனி வெட்டும் வேலை. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம். அதில் எல்லா ஃபிரேமும் முழுப் படமல்ல. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. பக்கத்தின் தலையில் போன மாத பாக்கி முழுத் தொகையாக இருக்கும், கீழே அன்றன்றைக்கு வாங்கியது மட்டும் வரி வரியாக இருக்கும். நடுவில் ஒரு வரியை மட்டும் கிழித்துக் கொண்டுவந்தால் மொத்தக் கடன் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதுபோல, முழுப் படம் ஒன்று, அதற்குப் பின் மாறியது மட்டும். நம் ஊர் டிவிக்கான PAL முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், சுமார் அரை நொடிக்கு ஒருமுறை முழுப் படம் வரும். மறுபடி உருமாற்றாமல், தரம் குறையாமல் வெட்ட வேண்டுமானால் அந்த முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் கத்தியை வைக்க முடியும். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

அரை நொடிதானே என்று தோன்றும். ஆறாவது தட்டின் தொடக்கத்தில் ஒரு பெரியவர் இருமுகிறார், இருமல் முடிந்த கையோடு தவில் ஒரு அறை அறைகிறது. இருமலை வெட்டினால் அறையின் தலை போகிறது. அறை முழுசாக வேண்டுமானால் இருமலின் வால் வருகிறது. அந்த ஒரு துண்டை மட்டும் உருமாற்றி ஒட்டினேன்.

டிவி மாறியதால் வந்த தலைவலி இன்னொன்று. அந்தக் காலத்துக் கேமரா ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பிடிக்கும். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். பழைய டப்பா டிவி அதை அப்படியே மாற்றி மாற்றி வரைந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போதைய தட்டை டிவியிலும் கம்ப்யூட்டரிலும் அசைகிற எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் தெரியும். இதைச் சரிசெய்யும்போது பெரும்பாலானோர் 25 ஃபிரேமாகவே வைத்துவிடுகிறார்கள், பாதி அசைவு போய்விடுகிறது. நான் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஃப் வடிகட்டியைப் போட்டு ஒவ்வொரு பாதியையும் தனி ஃபிரேமாக்கி 50-ஆக எடுத்தேன். வித்தியாசத்தைத் தவில்காரர் கையில் பார்க்கலாம். 25-ல் வலது கை ஒரு மங்கல். 50-ல் விரல்களில் மாட்டிய கூடு வெள்ளையாகத் தனித்தனியே எழுந்து விழுவதும், இடது கைக் கழி வேறு கணக்கில் போவதும் தெரிகிறது. அந்தப் பத்து வினாடியை எத்தனை முறை ஓட்டினேன் என்று சொன்னால் வேலைவெட்டி இல்லாதவன் என்பீர்கள்.

தாலிக் காட்சிக்கு என்ன செய்வது? ஆல்பத்தில் போட்டோக்காரர் எடுத்தது ஒன்று இருந்தது, அதை ஸ்கேன் செய்து நடுவில் வைத்தேன். படத்துக்குக் கீழே சத்தம் வேண்டும். வேறொரு தட்டில் உறவுக்காரர் கல்யாணம் ஒன்றின் கெட்டிமேளம் சுத்தமாக இருந்தது, அதை எடுத்து ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் கேட்டபோது காது ஒப்பவில்லை. அது வேறு கை. எடுத்துவிட்டு, ஆறாவது தட்டின் தொடக்கத்தில் ஓய்ந்து வரும் மேளத்தையே நாலு வினாடி முன்னால் இழுத்துப் போட்டோவுக்கு அடியில் வைத்தேன். கொட்டி முடிகிற மேளம்தான், ஆனால் அவர் கொட்டியது.

பதினொரு நிமிடம் நாற்பது வினாடியில் கை வைக்கவில்லை. யாராக இருந்தாலும் அதை முப்பது வினாடியாகச் சுருக்கியிருப்பார்கள். எனக்கு அது சாட்சிப் பத்திரம்.

பென் டிரைவில் எம்பி4-ஆகப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தாச்சியும் பிள்ளைகளோடு வந்திருந்தாள், சித்தப்பாவும் வந்திருந்தார். டிவியில் 4-க்கு 3 படத்தை அகலமாக இழுத்து வைத்திருந்தார்கள், எல்லாரும் சப்பையாகத் தெரிந்தார்கள். அமைப்பில் போய் அதைச் சரிசெய்து ஓட்டினேன். அந்தக் குரல் வந்தது. கூடத்தில் ஒரு நிமிடம் சத்தமில்லை. சித்தப்பாதான் முதலில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "யக்கா, நீதானா அது!"

அத்தை அசரவில்லை. அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் சீரை எடுன்னேன். தாலிய எடுக்காதன்னா சொன்னேன்?" என்றது. பிறகு, "அந்த மூடி இப்ப எங்கடி இருக்கு?" என்று மகளைப் பார்த்துத் திரும்பியது. அத்தாச்சிக்குத் தெரியவில்லை. மூடியைத் தேடும் பேச்சு கால் மணி நேரம் ஓடியது, தாலிப் படம் அதற்குள் போய்விட்டது. திரும்ப ஓட்டச் சொன்னார்கள்.

கிளம்பும்போது பென் டிரைவை அத்தையிடம் நீட்டினேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தது. "இத வச்சு நான் என்ன பண்றது? சிடியாப் போட்டுக் குடு." டிவிக்குக் கீழே பூ வேலைப்பாடு செய்த துணியைப் போர்த்தி அந்தப் பழைய டிவிடி பிளேயர் இருந்தது. இன்னும் ஓடுகிறதாம்.

வெற்று டிவிடிக்குத் தஞ்சாவூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு ஸ்டுடியோக்காரர் அடுக்கின் மேலிருந்து தூசி தட்டி இரண்டு எடுத்துக் கொடுத்தார். சேர்த்த படத்தைப் பழையபடி எம்பெக்-2 ஆக்கி, 12 சென்டிமீட்டரில் எழுதப் போட்டேன். பாதி ஓடும்போது போன் வந்தது. அத்தை.

"டேய் தம்பி, சிடி போட்டுட்டியா?"

"ஓடிக்கிட்டு இருக்கு அத்தை. நாளைக்குக் கொண்டாறேன்."

"மறக்காம மூடு."